கொப்பித்தாள் குத்தகை

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளிநொச்சிப் பக்கத்து வயல் குத்தகைத் தகராறுகள் பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, ஏமாற்றுவோரை மட்டுமே சாடியிருந்தது. சரி, ஆனால் பாதிக் கோளாறு நாம் கையெழுத்து வைக்கும் தாளில் இருக்கிறது. உழவுக்கோ அரிவு வெட்டுக்கோ வாயால் பேசி இருவரும் ஒத்துக்கொண்டாலே அது ஒப்பந்தம்தான். காணி அப்படியல்ல. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, காணி விற்பனை, ஈடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை எல்லாம், உறுதிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன்னிலையில், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் செல்லாது.

நானும் இரண்டு ஏக்கரை மூன்று போகத்துக்கென்று முழுக்காசும் கொடுத்து எடுத்தவன்தான். கொப்பித்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, அதன் மேலேயே கையெழுத்தும் வைத்தோம். முதற்போகம் வெட்டி முடிந்ததும், காணி தம்பிக்கு வேண்டுமாம் என்றார் உரிமையாளர். தாளைப் பார்த்த நொத்தாரிசு, காசு கொடுத்ததற்கு இது சாட்சியாகலாம், குத்தகைக்கு ஆகாது என்றார். வரம்பு கட்டிய கூலி போனது போனதுதான். அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் சிக்கல் இன்னும் அதிகம். பிரதேச செயலாளரின் எழுத்துமூல அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது. மாரிக்காலப் பயிர்ச்செய்கையான காலபோகம் தொடங்குமுன் பிரதேச செயலகங்கள் நடத்தும் நடமாடும் சேவைகளில் சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி ஒருவரையும் அமர்த்தினால், தாளைக் காட்டிக் கேட்டுவிட்டுக் காசை எண்ணிக் கொடுக்கலாம்.

வயற்காரர் ஒருவர்,
பரந்தன்.