கேமராவுக்குத் தையல் மிஷின் எண்ணெய் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டுக் குறிப்புகளைப் படிப்பதோடு விடாமல் செய்தும் பார்க்கிறவர்கள் நம் வாசகர்கள். அதனால்தான் இந்தக் கடிதம். பரணில் கிடந்த யாஷிகாவையும் பென்டாக்ஸையும் இறக்கித் தூசி தட்டி, ஃபிலிம் போட்டுப் பார்க்கும் ஆசை மறுபடி தலையெடுத்திருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் கூடவே சில கைவைத்தியங்களும் சுற்றுகின்றன: ஷட்டர் இறுகினால் ஒரு சொட்டுத் தையல் மிஷின் எண்ணெய், லென்ஸில் பூசணம் என்றால் பற்பசை, ஈரம் தாக்காமலிருக்க அரிசி டப்பா. இவற்றைத் தயவுசெய்து அச்சில் ஏற்றிவிடாதீர்கள். சும்மா கிடந்து கெட்ட கேமராவைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். வைத்தியம் பார்த்துக் கெட்டதை மீட்பதுதான் பெரும்பாடு.

முதலில் எண்ணெய். யாஷிகா மேட் 124ஜி போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் ஷட்டர் என்பது, பூவிதழ் போல விரிந்து மூடும் சில எஃகுத் தகடுகள்தான். தாளைவிட மெல்லியவை. ஒன்றின்மேல் ஒன்று உரசித்தான் ஓடும், ஆனாலும் உலர்ந்தே இருக்க வேண்டும். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொள்ளுமே, எண்ணெய் பட்ட தகடுகளுக்கும் அதே கதிதான். எண்ணெய் விட்ட அன்று ஷட்டர் துள்ளி ஓடும். பழைய பிசின் இளகியிருக்கும், அவ்வளவுதான். சில நாளில் அது தகடெங்கும் பரவி, தூசியைச் சேர்த்துக்கொண்டு, முன்பைவிட மோசமாக இறுகும். துரு இளக்கத் தெளிக்கும் டபிள்யூடி-40 இன்னும் கெடுதல். தெளித்ததில் பாதி லென்ஸின் உட்பக்கத்தில் போய்ப் படலமாக உட்காரும். எண்ணெய் தேவைப்படும் இடம் பல்சக்கரங்களின் அச்சு முனைகள் மட்டும். அதற்கும் கடிகார எண்ணெய், அதுவும் ஊசி முனையில் தொட்டு வைக்கிற அளவு. கண்ணுக்குச் சொட்டாகத் தெரிந்தால் அது அதிகம்.

இறுகிய ஷட்டரில் கோளாறு எங்கே என்பதைக் காதும் கண்ணும் சொல்லும். வேகத்தை 1 நொடிக்கு வைத்து அழுத்தினால் கிர்ரென்ற சத்தம் சீராக ஓடி முடிய வேண்டும். பாதியில் திணறி நின்றால், மெதுவேகப் பல்சக்கரங்களில் கிரீஸ் காய்ந்திருக்கிறது. எல்லா வேகத்திலும் தகடுகள் சோம்பலாகத் திறந்தால் தகட்டின்மேலேயே எண்ணெய். இரண்டாவது வகையை வீட்டில் பார்க்கலாம். படம் எடுக்கும் கீழ் லென்ஸின் முன்பகுதி, ரப்பர் தக்கையை அழுத்தித் திருகினால் பெரும்பாலும் கழன்றுவிடும். சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் பெட்ரோலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பிழிந்துவிட்டு, தகடுகளை ஒற்றுங்கள். ஷட்டரைப் பத்துத் தடவை ஓட்டுங்கள். மேலே கசிந்து வரும் கறையைப் புதுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். குச்சி வெள்ளையாகவே திரும்பும் வரை, தகட்டின்மேல் தெரியும் வானவில் நிறம் மறையும் வரை, இதையே திரும்பச் செய்ய வேண்டும். பொறுமை இல்லாமல் பெட்ரோலை ஊற்றிவிட்டால் அது பல்சக்கரங்களில் உள்ள கிரீஸைக் கரைத்துக்கொண்டு வந்து தகடுகளில் விட்டுவிட்டு ஆவியாகிவிடும். அன்று சரியானது போலிருக்கும், மறுநாள் பழைய குருடி கதவைத் திறடிதான். ஒற்றி எடுத்தும் மறுநாள் இறுகினால் ஷட்டரை முழுதாகக் கழற்றிக் கழுவ வேண்டும். அது மெக்கானிக் வேலை.

ஒரு எச்சரிக்கை. அக்ஃபா ஐசோலெட் போன்ற மடிப்புக் கேமராக்களில் முன் கண்ணாடியைத் திருகித்தான் ஃபோகஸ் செய்வார்கள். அதைக் கழற்றும் முன் அது நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை சுற்றில் கழன்றது என்பதையும் எழுதி வையுங்கள். பல புரி கொண்ட மறை அது. தவறான புரியில் ஏறினால் பிறகு தூரத்து மலை ஒருநாளும் தெளிவாக விழாது. அந்தக் கேமராக்களில் பச்சை நிற கிரீஸ் கல்லாய் இறுகிக் கிடப்பதும் சகஜம். பலம் காட்டாமல், ஹேர் டிரையர் சூடும் லைட்டர் பெட்ரோலுமாக மாற்றி மாற்றிக் கொடுத்து மெல்ல இளக்க வேண்டும்.

வேகம் சரியா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். நொடிக்கு 240 காட்சி பிடிக்கும் செல்போன் போதும். பின்கதவைத் திறந்து லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டி, பின்னாலிருந்து படமெடுத்து, வெளிச்சம் தெரியும் காட்சிகளை எண்ணுங்கள். 1 நொடிக்கு 240, அரை நொடிக்கு 120, 1/15க்கு 16, 1/60க்கு 4 வர வேண்டும். அதற்கு மேற்பட்ட வேகங்களுக்கு இந்தக் கணக்கு உதவாது. 1/15க்கு 20 வந்தால் பதற வேண்டாம். கலர் நெகட்டிவ் ஃபிலிம் அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்லைடு ஃபிலிம்தான் பொறுக்காது.

அடுத்தது ஃபோம். 1976 முதல் 1997 வரை தயாரான பென்டாக்ஸ் கே1000ஐயே எடுத்துக்கொள்வோம். பின்கதவு உட்காரும் மேல், கீழ் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் வெளிச்சம் புகாமலிருக்கக் கறுப்பு ஃபோம் ஒட்டியிருக்கும். அந்த ஃபோம் காற்றின் ஈரத்தை வாங்கி நாளடைவில் சிதைந்து, தார் போலப் பிசுபிசுக்கும். நம் கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும். கழுவி வந்த நெகட்டிவில் ஓரத்துத் துளைகளையும் தாண்டி உள்ளே கறுப்புத் தீற்றல் ஓடினால், கலர் பிரிண்டில் அது ஆரஞ்சாகவோ சிவப்பாகவோ தெரிந்தால், குற்றவாளி இந்த ஃபோம்தான். வெளிச்சம் பின்பக்கமாகப் புகும்போது ஃபிலிமின் சிவப்பை உணரும் அடுக்கைத்தான் முதலில் தொடும். அதனால் அந்த நிறம். தீற்றல் படத்துக்குள்ளேயே நின்று, துளைகள் இருக்கும் ஓரத்தைத் தொடாமலிருந்தால் ஃபோமைத் திட்டாதீர்கள். இந்தக் கேமராவில் ஷட்டர் எஃகுத் தகடல்ல, துணித் திரை. அதில் ஓட்டை இருக்கலாம். துணித் திரைக்கு முன்னால் மறைப்பு ஏதுமில்லாத ஃபெட், ஸோர்கி போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸ் மூடியில்லாமல் வெயிலைப் பார்க்க வைத்தாலே துணியில் பொட்டுப் பொட்டாகத் தீய்ந்துபோகும்.

ஃபோம் மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும். முதலில் ஷட்டர் திரையை மறைக்கிற அளவுக்கு ஒரு தாளை வெட்டி, நான்கு ஓரமும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். பிசினுள்ள ஒரு துணுக்கு திரையில் விழுந்தாலும் அடுத்த செலவு அங்கேதான். மூங்கில் குச்சியின் முனையை உளிபோலச் சீவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டு, பள்ளத்தில் வைத்து, ஷட்டரை விட்டு விலகும் திசையில் இழுத்து வாருங்கள். இரும்புத் திருப்புளி வேண்டாம், பெயின்ட் உரியும். கடைசிப் பிசின் போகும் வரை பஞ்சுக் குச்சியால் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டு, 1.5 மில்லிமீட்டர் கனமுள்ள ஒட்டும் ஃபோமைப் பள்ளத்தின் அகலத்துக்குச் சீவி ஒட்டுங்கள். ஒட்டும் பக்கத்தைத் தண்ணீரால் லேசாக நனைத்துக்கொண்டால், கோணல்மாணலாகப் போனதைச் சில விநாடிகளுக்கு நகர்த்திக்கொள்ளலாம். கனமான ஃபோம் இன்னும் நன்றாக அடைக்கும் என்று நினைப்பது தப்பு. கதவு முழுதாக மூடாது. பூட்டுக் கொக்கிதான் தேயும். ஃபோம் கிடைக்காவிட்டால் கறுப்புக் கம்பளி நூலைப் பள்ளத்தில் படியவைத்து, துணிப் பசை ஒரு கோடு இழுத்தால் போதும். பார்க்க அழகாயிராது, ஆனால் ஃபோம் போலக் கரைந்து தாராகவும் மாறாது.

லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்து நிற்கும் முகக்கண்ணாடி, படமெடுக்கும்போது மேலெழுந்து மோதும் இடத்திலும் 2 மில்லிமீட்டர் ஃபோம் ஒன்று இருக்கும். அது பிசுபிசுத்தால் கண்ணாடி மேலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். மாற்றும்போது துணுக்குகள் கண்ணாடியில் விழாமல் ஒரு லென்ஸ் துடைக்கும் தாளைக் கீழே விரித்துக்கொள்ளுங்கள். அந்தக் கண்ணாடியின் வெள்ளிப்பூச்சு முன்பக்கத்தில் இருக்கிறது. நம் வீட்டு முகம் பார்க்கும் கண்ணாடி போல அல்ல. துடைத்தால் போச்சு. ரப்பர் புளோயரால் ஊதுவதோடு சரி. அதற்கு மேலுள்ள ஃபோகஸ் திரை பிளாஸ்டிக், அதில் ஆல்கஹால் பட்டால் வெளுத்துப்போகும்.

பேட்டரி விஷயத்தில் மெக்கானிக்குகளே தடுமாறுகிறார்கள். 124ஜி போன்ற கேமராக்களில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், பிஎக்ஸ் 625 என்ற 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தது. அது இப்போது வருவதில்லை. அதே அளவில் கிடைக்கும் அல்கலைன் 1.5 வோல்ட். மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டு விழும். பேட்டரி தீரத் தீர அந்தப் பிழையும் மாறிக்கொண்டே போகும். இதற்கு நல்ல மாற்று, காது மெஷினுக்குப் போடும் 675 நம்பர் பேட்டரி. 1.4 வோல்ட், கடைசி வரை ஏறக்குறைய அதே அளவில் நிற்கும். அதன் விட்டம் 11.6 மில்லிமீட்டர், கேமராவின் அறை 15.6க்கானது. சுற்றி 2 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் வளையம் மாட்டினால் ஆடாமல் உட்காரும். ஸ்டிக்கரைப் பிரித்துச் சில நிமிடம் காற்றுப்படவிட்டுப் போடுங்கள். காற்றுத் துளைகளை எதனாலும் மூடாதீர்கள். பிரித்தால் இரண்டு மூன்று மாதம்தான் ஆயுள். பயன்படுத்தாமல் வைத்தாலும் அதே கணக்குதான். யாஷிகா எலெக்ட்ரோ 35க்கு வேண்டியது 5.6 வோல்ட். அதில் 6 வோல்ட் 4எல்ஆர் 44 தாராளமாக வேலை செய்யும். நீளக் குறைவுக்கு ஒரு சுருள்வில்லும் அகலக் குறைவுக்குச் சுற்றிய தாளும் போதும். அந்தக் கேமராவில் ஃபிலிம் சுற்றும் லீவரை மெதுவாக இழுக்கும்போது கடைசியில் டக்கென்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே ஒரு சின்ன ரப்பர் பட்டை கரைந்துவிட்டது என்று அர்த்தம். பேட்டரி மாற்றிப் பலனில்லை. கே1000க்கு எல்ஆர் 44 ஒன்று போதும். ஆனால் அதன் மீட்டருக்கு ஸ்விட்ச் கிடையாது. லென்ஸ் மூடி போடாமல் மேஜையில் வைத்தால் பேட்டரி தானாகத் தீரும்.

பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது அல்கலைனின் காரக் கசிவு. பஞ்சுக் குச்சியில் வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்தால் நுரைத்து அடங்கும். பிறகு பேட்டரிக் கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீர், கடைசியில் ஆல்கஹால். உள்ளே ஓடும் கம்பி பச்சையாகவோ கறுப்பாகவோ இருந்தால் கம்பியையே மாற்ற வேண்டும்.

பூசணத்துக்கு வருவோம். பற்பசை சுத்தம் செய்யாது, தேய்க்கும். போவது பூசணமல்ல, லென்ஸின் பூச்சு. மருந்துக் கடையில் கிடைக்கும் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறக்குறைய 6 சதவீதம். அதைச் சம அளவு காய்ச்சி வடித்த நீரில் கலந்து பாதியாக்கி, அதோடு சம அளவு வீட்டு அம்மோனியா சேர்த்து, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, கழற்றிய கண்ணாடியில் பஞ்சால் ஒற்றி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீர், ஆல்கஹால் என்று துடைத்து முடிக்கவும். பிளீச்சிங் திரவம் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. துடைத்த பின்னும் வேர் போலக் கோடுகள் தெரிந்தால், பூசணம் சுரந்த அமிலம் பூச்சை அரித்துவிட்டது. எதைப் போட்டாலும் போகாது. ஒட்டிய இரு கண்ணாடிகளுக்கு நடுவே வந்தால் வீட்டில் வழியில்லை. பென்டாக்ஸின் சூப்பர் டக்குமார் 50 மில்லிமீட்டர் லென்ஸ் தேன்நிறமாக இருந்தால் அது பூசணமும் அல்ல, அழுக்கும் அல்ல. தோரியம் கலந்த கண்ணாடி காலப்போக்கில் அப்படித்தான் மஞ்சளிக்கும். புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் சில நாள் வைத்தால் வெளிறிவிடும்.

வராமல் தடுப்பதுதான் சுலபம். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூசணத்துக்குக் கொண்டாட்டம். ஐப்பசி, கார்த்திகையில் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் வீடுகளில் இதைக் கேட்கவே வேண்டாம். ரப்பர் வளையம் உள்ள காற்றுப்புகாத சமையலறை டப்பா, 200 கிராம் சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரமானி. முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்க வேண்டும். 30க்குக் கீழே போனால் தோல் சுருங்கும். ஜெல் நிறம் மாறினால் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் வாட்டி மறுபடி போடலாம். அரிசி ஈரத்தை இழுக்கும் அழகு அப்படியொன்றும் இல்லை, தவிட்டுத் தூசிதான் மிச்சம். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேமராவை அதிலிருந்து எடுத்துவிடுங்கள். பீரோவில் பாச்சை உருண்டைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. கேமராவின் கையேடுகளிலேயே இந்த எச்சரிக்கை உண்டு. மாதம் ஒருமுறை எல்லா வேகத்திலும், முக்கியமாக 1 நொடியில், சும்மாவாவது ஓட்டுங்கள்.

ஜப்பான் கேமராக்களின் ஸ்க்ரூக்கள் ஜே.ஐ.எஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. நம் கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திரத் திருப்புளி அந்தப் பள்ளத்தில் முழுதாக இறங்காமல், ஸ்க்ரூவின் தலையை வழித்துவிடும். ஜே.ஐ.எஸ் திருப்புளி இல்லையென்றால் கழற்றாதீர்கள். ஃப்ளாஷ் சேர்ந்தே வரும் சின்ன கேமராக்களை எதைக் கொண்டும் திறக்க வேண்டாம். பேட்டரியை எடுத்த பிறகும் அதிலுள்ள கபாசிட்டரில் 300 வோல்ட் வரை தேங்கியிருக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது "ஓடல" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த வேகத்தில், எத்தனையாவது படத்தில் கோளாறு என்று ஒரு தாளில் எழுதி, கெட்டுப்போன நெகட்டிவ் துண்டையும் சேர்த்துக் கொடுங்கள். எண்ணெய் விட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். எந்த எண்ணெய் என்பதையும்.

இப்படிக்கு,
பழைய கேமராக்களைப் பழுது பார்க்கும் ஒரு வாசகர்,
திருச்சி.