எரிகிற அடுப்பில் ஊற்றச் சொல்லும் நான்காவது வரி

ஈரோடு,
02.04.2025

அனுப்புநர்:
உங்கள் ஸ்பிரிட் அடுப்பு செட்டை வாங்கிய வாடிக்கையாளர், ஈரோடு.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர் அவர்கள், மலையேற்றப் பொருட்கள் விற்பனை நிறுவனம்.

பொருள்: அடுப்பு செட்டின் விளக்கத் தாளில் உள்ள ஆபத்தான அறிவுரையால் ஏற்பட்ட தீக்காயம், விவரம் அச்சிடாத எரிபொருள் பாட்டில், உடனடியாக எடுக்க வேண்டிய நடவடிக்கை.

ஐயா,

வணக்கம். பிப்ரவரி மாதம் உங்களிடம் 1,850 ரூபாய் கொடுத்து ஓர் அடுப்பு செட் வாங்கினேன். குளிர்பான கேனில் செய்த, ஸ்பிரிட் எனும் ஆல்கஹாலில் எரியும் அடுப்பு ஒன்று, ஒரு லிட்டர் அலுமினியப் போசி (பாத்திரம்), காற்றுத் தடுப்புத் தகடு, அரை லிட்டர் எரிபொருள் பாட்டில், கூடவே ஒரு விளக்கத் தாள். அந்தத் தாளின் நான்காவது வரியை நம்பியதால் என் மகளின் வலது கை வெந்துபோனது. வரியை அப்படியே தருகிறேன்: "சமையலின் நடுவே தீ குறைந்தால், கூடுதல் எரிபொருளை மேல் துளை வழியாக மெதுவாக ஊற்றிக்கொள்ளலாம்."

எனக்குப் பணம் திரும்பி வந்தால் மட்டும் போதாது. இதே தாள் இன்னும் எத்தனை வீடுகளில், எத்தனை பைகளில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறதோ என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாகக் காலி குளிர்பான கேன்களை வெட்டி ஸ்பிரிட் அடுப்பு செய்து வருகிறேன். 250 மில்லி கேன்கள் இரண்டின் அடிப்பாகத்தை ஒன்றுக்குள் ஒன்று செருகி, ஓரத்தில் ஊசியால் துளை போட்டால் அடுப்பு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியை வளைத்தால் போசி நிற்கும் தாங்கி. கடையில் பிரியாணி கட்டித் தரும் அலுமினியத் தட்டை வெட்டினால் காற்றுத் தடுப்பு. கார் கண்ணாடிக்கு வெயில் மறைப்பாக வைக்கும் வெள்ளிநிறத் தாளில் போசிக்கு ஒரு சட்டை தைத்துவிட்டால், கொதித்த நீரில் சேமியாவைப் போட்டு மூடி வைத்தே வேகவிடலாம், அதற்கென்று தனியாக எரிபொருள் செலவில்லை. என் அடுப்பின் எடை 12 கிராம். காற்றில்லாத இடத்தில் 20 மில்லி ஸ்பிரிட்டில் அரை லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். முதுகில் சுமந்து மலை ஏறுபவனுக்கு இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் வீட்டிலேயே செய்பவன் உங்களிடம் ஏன் வாங்கினேன் என்று கேட்கலாம். ஜூன் மாதம் குடும்பமாக நான்கு பேர் ஹிமாசலத்தின் ஹம்ப்டா கணவாய்க்குப் போவதாக இருந்தோம். நால்வருக்கும் சேர்த்துப் பெரிய போசி தேவைப்பட்டது. "நம் ஊர் மலையேற்றக்காரர்கள் கையால் செய்தது" என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும் மனது நிறைந்துபோனது. இந்தக் கைவேலையை நம் பக்கத்தில் ஒருவர் தொழிலாகவே எடுத்துச் செய்கிறார், வாங்கி ஆதரிக்க வேண்டும் என்று நினைத்தேன். என் வருத்தத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி இருக்கும். மொட்டை மாடியில் வைத்து உங்கள் அடுப்பைச் சோதித்தோம். புது அடுப்பை மூன்று முறையாவது வீட்டில் எரித்துப் பார்க்காமல் நான் மலைக்கு எடுத்துப் போவதில்லை. முதல் இரண்டு முறை தண்ணீர் கொதித்தது. மூன்றாவது முறை கொதிப்பு வருவதற்குள் சலசலப்பு அடங்கிவிட்டது. போசியை இறக்கிவிட்டு, அடுப்பின் எடை பார்க்கத் தராசு எடுத்துவரக் கீழே போனேன். பத்தொன்பது வயது மகள் உங்கள் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுப்பில் தீ தெரியவில்லை. அணைந்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறாள். அணையாமல் குறைந்திருந்தாலும் ஊற்றலாம் என்றுதானே தாளும் சொல்கிறது! மேல் துளையை மூடியிருந்த பித்தளை வில்லையைக் கரண்டியால் தள்ளிவிட்டு, நீங்கள் தந்த பாட்டிலிலிருந்து ஊற்றியிருக்கிறாள்.

ஸ்பிரிட்டின் தீ வெளிர் நீலம். பட்டப்பகல் வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. ஊற்றுகிற தாரையைப் பிடித்துக்கொண்டே தீ மேலேறும். பாதி காலியான பாட்டிலுக்குள் ஸ்பிரிட் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், தீ அங்கே எட்டினால் எரிகிற திரவத்தை வாய் வழியாகப் பீய்ச்சி அடிக்கும். அமெரிக்காவில் 2011-ல் அலங்கார விளக்குகளுக்கு ஊற்றும் ஆல்கஹால் ஜெல் பாட்டில்களை ஒன்பது நிறுவனங்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றன. அங்கும் காரணம் இதேதான், எரிவது தெரியாமல் மறுபடி ஊற்றியது. எங்கள் மாடியில் பாட்டில் முழுவதுமாக வெடிக்கவில்லை, கடவுள் புண்ணியம். அவள் அலறி அதைக் கீழே போட்டாள். நான் ஓடி வந்தபோது தரையில் தீ கண்ணுக்குத் தெரியவில்லை, அனல் மட்டும் நெளிந்துகொண்டிருந்தது. அடுப்பு எரிக்கும்போதெல்லாம் பக்கத்தில் ஈரச்சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும் வைப்பது என் பழக்கம். சாக்கை அவள் கைமேல் போட்டேன், தண்ணீரைத் தரையில் கொட்டினேன். பிறகு இருபது நிமிடம் குழாயடியில் கையை நீட்டி நிற்க வைத்தேன்.

மணிக்கட்டிலிருந்து முழங்கைக்குப் பாதி தூரம் வரை கொப்புளம். இரண்டு வாரம் கட்டு. கல்லூரி ஆய்வகத் தேர்வை அவளால் எழுத முடியவில்லை. தழும்பு மங்கும் என்கிறார் மருத்துவர், முழுவதும் போகும் என்று சொல்லவில்லை.

தாளை நான் முதலில் வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். இத்தனை வருடப் பழக்கத்தில் படிக்காமல் விட்டேன், அந்தத் தவறு என்னுடையது. ஆனால் அடுப்பு பற்றி ஒன்றுமே தெரியாதவர்கள்தான் விளக்கத் தாளை முழுதாக நம்புவார்கள். அவர்களுக்காகத்தான் அது அச்சடிக்கப்படுகிறது. நான் செய்வது இதுதான்: எரிந்து முடிந்தது என்று தோன்றினாலும் தகர மூடியைக் கவிழ்த்து வைத்து அணைப்பேன், பத்து நிமிடம் ஆறவிடுவேன், கையால் தொட்டு முழுக்கக் குளிர்ந்ததை உறுதி செய்வேன், வேண்டிய அளவைச் சின்ன மூடியில் அளந்து எடுப்பேன், பாட்டிலை இறுக மூடித் தள்ளி வைத்த பிறகே அடுப்பில் விடுவேன். நேரே பாட்டிலிலிருந்து ஒருநாளும் ஊற்றியதில்லை. இதை ஐந்து வரியில் தமிழில் அச்சடித்திருக்கலாம்.

அன்று மாலையே உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். நான்கு நாள் கழித்து வந்த பதில்: "கையால் செய்யும் பொருள் என்பதால் சிறு வித்தியாசங்கள் இருக்கலாம். வேறு அடுப்பு அனுப்புகிறோம்." என் மகளின் கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தாளைப் பற்றியும் இல்லை. நானும் கையால் செய்பவன்தான் ஐயா. கையால் செய்தால் ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்துத்தான் அடுத்தவர் கையில் கொடுப்போம். அந்தச் சொல்லை நீங்கள் சமாதானமாகப் பயன்படுத்தியது எனக்கு வலித்தது.

அடுப்பையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு கேன் பாகங்களும் சேரும் இடத்தில் சூடு தாங்கும் பசை எதுவும் தடவவில்லை. வெறும் செருகல். இரண்டாம் முறை எரித்தபோதே அந்த இடுக்கிலிருந்து அனல் நெளிந்ததை நான் கவனித்திருந்தேன், மூன்றாம் முறையில் சீக்கிரமே காலியானதற்கு அதுதான் காரணம் என்பது என் கணிப்பு. காற்றுத் தடுப்பு போசியோடு ஒட்டிச் சுற்றிக்கொள்கிறது, அடியில் காற்று புக ஒரு துளைகூட இல்லை. காற்று போதாவிட்டால் தீ மஞ்சளாகும், கரி பிடிக்கும், கார்பன் மோனாக்சைடு கூடும். வெளியேற வழியில்லாத சூடு அடுப்பின் மேலேயே திரும்பி விழுந்து உள்ளே இருக்கும் ஸ்பிரிட்டைத் தளதளவெனக் கொதிக்க வைக்கும், தீ கட்டுக்கு அடங்காது. சுற்றிலும் ஒரு விரற்கடை இடைவெளியும் கீழ் ஓரத்தில் வரிசையாகத் துளைகளும் விட்டாலே போதும். "குளிராக இருந்தால் கூடாரத்துக்குள்ளும் பயன்படுத்தலாம்" என்ற உங்கள் ஏழாவது வரியை இந்தத் தகட்டோடு சேர்த்துப் படித்தபோது எனக்கு உடம்பு நடுங்கியது. எடை 98 கிராம் என்று போட்டிருக்கிறீர்கள், என் தராசில் போசியும் அடுப்பும் தகடும் சேர்ந்து 141. அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

பாட்டிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. கடையில் விற்கும் தண்ணீர் பாட்டில் போலவே நிறமில்லாத பிளாஸ்டிக் பாட்டில், உள்ளே நிறமில்லாத திரவம். வெளியே "இயற்கை ஸ்டவ் எரிபொருள்" என்று ஒரு ஸ்டிக்கர். எத்தனாலா, மெத்தனாலா, இரண்டும் கலந்ததா என்று எங்கும் இல்லை. தயாரித்தவர் பெயரும் இல்லை, அளவும் இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு சட்டமுறை எடையளவு விதிகள் இவற்றையெல்லாம் அச்சிடச் சொல்கின்றன. தொலைபேசியில் கேட்டேன். "ஸ்பிரிட்தான் சார், எல்லாம் ஒண்ணுதான்" என்றார் உங்கள் ஊழியர்.

எல்லாம் ஒன்றில்லை. மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், எத்தனால் 78-ல். ஆவி அழுத்தத்தில் எரியும் இந்த மாதிரி அடுப்புக்குத் துளைகளின் அளவையே அதைப் பொறுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அது போகட்டும். மெத்தனால் கொஞ்சம் உள்ளே போனாலே கண் போகும், உயிர் போகும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம்கூட ஆகாத நிலையில், இதே தமிழ்நாட்டில், பெயர் போடாத ஸ்பிரிட்டைத் தண்ணீர் பாட்டிலில் அடைத்து எப்படி அனுப்ப மனம் வந்தது? இருட்டில், கூடாரத்தில், தாகத்தோடு ஒருவர் பைக்குள் கை விட்டுத் தேடினால் கையில் அகப்படுவது எது? ஸ்வீடனில் 1925-ல் தொடங்கிய ட்ராஞ்சியா நிறுவனம் ஸ்பிரிட் அடுப்புக்கென்றே தனி பாட்டில் விற்கிறது, மூடியில் இருக்கும் வால்வை அழுத்தினால்தான் திரவம் வரும், கையை எடுத்தால் நின்றுவிடும். அந்த விலைக்கு உங்களால் தர முடியாமல் இருக்கலாம். ஒரு சொட்டுச் சாயமும் ஒழுங்கான லேபிளும் எவ்வளவு செலவாகிவிடும்?

இன்னொன்று. "விமானத்தில் மட்டுமே தடை, ரயிலில் தாராளமாகக் கொண்டு செல்லலாம்" என்று தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தீப்பற்றும் பொருளை ரயிலில் கொண்டு செல்வது 1989-ம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 164-வது பிரிவின்படி குற்றம், மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. மதுரையில் 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, சுற்றுலாப் பெட்டியில் சமைக்க வைத்திருந்த சிலிண்டரால் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை. நாங்கள் ஈரோட்டிலிருந்து டெல்லிக்கு ரயிலில்தான் போவதாக இருந்தோம். ஸ்பிரிட் அங்கே போய் வாங்க வேண்டிய பொருள் என்று எழுதுங்கள்.

உங்கள் விளம்பரப் படத்தில் இந்த அடுப்பு மேற்குத் தொடர்ச்சி மலையின் காய்ந்த புல்மேல் எரிகிறது. காப்புக்காட்டில் தீ மூட்டுவது 1882-ம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் புல்லில் பரவிய தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், எங்கள் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து போனவர்களும் அதில் இருந்தார்கள். அந்தப் படத்தை இந்த ஊரில் இருந்துகொண்டு என்னால் பார்க்க முடியவில்லை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

நான் கேட்பது இவைதான். இந்தத் தாளோடு செட் விற்பதை இன்றே நிறுத்துங்கள். இதுவரை வாங்கிய ஒவ்வொருவருக்கும், அவர்கள் தொலைபேசி எண் உங்களிடம் இருக்கிறது, நான்காவது வரியும் ஏழாவது வரியும் தவறு என்று தமிழில் குறுஞ்செய்தி அனுப்புங்கள், பேசியும் சொல்லுங்கள். பாட்டிலில் இருப்பது என்ன என்று எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மிச்சமிருப்பதை மூடி இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிறேன், ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள், கூரியரில் நான் அனுப்ப மாட்டேன். செட்டின் விலை 1,850 ரூபாயும் மருத்துவச் செலவு 6,240 ரூபாயும் திருப்பித் தாருங்கள். மாற்று அடுப்பு வேண்டாம்.

போதிய பயன்பாட்டுக் குறிப்போ எச்சரிக்கையோ இல்லாமல் ஒரு பொருளை விற்று, அதனால் தீங்கு நேர்ந்தால், 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-வது பிரிவின்படி தயாரிப்பாளரே பொறுப்பு. ஏப்ரல் 20-ம் தேதிக்குள் பதில் வராவிட்டால் ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடுவேன்.

கேன் இணைப்பில் எந்தப் பசை சூடு தாங்கும், தகட்டில் எத்தனை துளை வேண்டும், தாளில் என்ன எழுத வேண்டும் என்று கேட்டால் ஒரு பைசா வாங்காமல் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன். உங்கள் பட்டறைக்கே வரவும் தயார். முதலில் அந்தக் குறுஞ்செய்தியை அனுப்புங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வாடிக்கையாளர், ஈரோடு.

இணைப்பு: பில் நகல், விளக்கத் தாளின் இருபக்கப் படம், காயத்தின் படங்கள், மருத்துவ ரசீதுகள், மார்ச் 13 அன்று வந்த உங்கள் பதில்.