'ஓவர்' என்று எழுதியிருந்தாய்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

பதினாறு நாள் கழித்து ஒரே வரி: 'எல்லாம் ஓவர் அப்பா.' இங்கே எல்லோரும் நலம். உடம்பைப் பார்த்துக்கொள். அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

அந்தச் சொல்லை 34 ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். விளக்கு மேசைக்கு மேலே தொங்கினாலும், போர்வை குழந்தையை மூடினாலும், வேலியைத் தாண்டிக் குதித்தாலும், பணத்துக்காகச் சண்டை வந்தாலும் ஓவர்தான். 'அபவ்' உயரத்தைச் சொல்லும். மூடவும் தாண்டவும் அதற்கு வராது. ஒன்பதாம் வகுப்பிலேயே நீயாகக் கண்டுபிடித்துச் சொன்னாய். நம் பேச்சில் வழங்கும் 'உபரி' வடமொழியிலிருந்து வந்தது, அதற்கும் ஓவருக்கும் ஆதியில் ஒரே வேர் என்றபோது, நம்பாமல் அகராதியைப் புரட்டியவளும் நீதான். எவ்வளவு பூரித்தேன் தெரியுமா!

அவ்வளவு நுணுக்கம் பார்த்தவள் இப்படியா எழுதுவாய்? ஓவருக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல் வந்தால் அது பிரிபொசிஷன். எதன் மேலே, எதைத் தாண்டி என்று தெரிந்துவிடும். நீ தனியே நிறுத்தி அட்வெர்ப் ஆக்கிவிட்டாய். மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

வாக்கி டாக்கியில் பேசுகிறவர்கள் 'ஓவர்' என்றால் பேச்சு முடிந்தது என்று பொருளில்லை. நான் சொல்லியாயிற்று, இனி நீ சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அடியோடு முடித்துக்கொள்ள 'அவுட்' என்ற வேறு சொல் இருக்கிறது. உன் வரியை நான் அப்படித்தான் படித்தேன். திரும்பத் திரும்ப அப்படியே படிக்கிறேன்.

'ஓவர்சைட்' என்பதற்கு மேற்பார்வை என்றும் பொருள், பார்க்கத் தவறியது என்றும் பொருள். மாணவர்களுக்கு அதை வியப்போடு சொல்லிக்கொடுத்திருக்கிறேன். உன் மதிப்பெண், உன் வேலை, உன் சம்பளம் எல்லாவற்றையும் மேற்பார்த்தேன். போன தடவை வந்தபோது மூன்று நாள் மாடி அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். பயணக் களைப்பு என்று அம்மாவிடம் சொன்னேன். களைப்பில்லை என்று எனக்குத் தெரியும், கண்ணம்மா. இரண்டு தடவை படியேறி வந்து கதவருகில் நின்றேன். கேட்டால் சொல்லிவிடுவாயோ என்று பயந்து இறங்கிவிட்டேன்.

அம்மாவிடம் உன் வரியைக் காட்டவில்லை. அவள் எழுந்திருக்க ஆறு மணியாகும். நான் நாலரைக்கே விழித்துவிடுகிறேன். அந்த நேரத்தில் கூப்பிடு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அப்பா