அது அடம் இல்லை, மிஸ்

அன்புள்ள மிஸ்,

மகனின் டைரியில் நீங்கள் எழுதியதைப் படித்தேன். ‘மதியம் சாப்பிடாமல் அடம் பிடிக்கிறான்.’ அக்கறையில்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அது அடம் இல்லை. அந்த நேரத்தில் அவனுக்குப் பசியே எடுக்காது. இப்படிப்பட்ட பிள்ளைகள் மற்ற வகுப்புகளிலும் இருப்பார்கள் என்பதால்தான், பெயர் சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கவனம் நிலைக்காமல், ஓரிடத்தில் உட்கார முடியாமல் போகும் ஏ.டி.எச்.டி. என்ற குறைபாட்டுக்காக அவன் தினமும் காலையில் மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை போடுகிறான். மெதுவாகக் கரையும் வகை. மூளையில் செய்தி கடத்தும் ரசாயனங்களான டோபமைனும் நார்அட்ரினலினும் கூடுதல் நேரம் தங்கும்படி செய்கிறது. கணக்கைப் பாதியில் விட்டு எழுந்து ஓடாமல் அவனை உட்கார வைப்பது அந்த மருந்து, பசியை அமுக்குவதும் அதேதான். சாப்பாட்டு மணி அடிக்கும்போது அது முழு வேகத்தில் இருக்கும். ஒரு வாய் தயிர் சாதத்தைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு மென்றுகொண்டே இருப்பான், உள்ளே இறங்காது. கட்டாயப்படுத்தினால் குமட்டல்தான் வரும்.

பட்டினி கிடக்கிறானோ என்று பயப்படாதீர்கள். மாத்திரைக்கு முன்பே முட்டை தோசையும் பாலும் கொடுத்துவிடுகிறேன். சாயங்காலம் மருந்தின் வேகம் குறைந்ததும் பசி மொத்தமாக வரும், அடுப்படியை விட்டு நகர மாட்டான். தூங்கப் போகும் முன் இன்னொரு தடவை சாப்பிடுவான்.

எனக்கும் கவலை இல்லாமல் இல்லை. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளின் சிகிச்சை பற்றி அமெரிக்காவில் நடந்த எம்.டி.ஏ. ஆய்வில், புதிதாக மருந்து தொடங்கித் தொடர்ந்து எடுத்த பிள்ளைகள், எடுக்காதவர்களைவிட 3 ஆண்டுகளில் சராசரியாக 2 செ.மீ. உயரமும் 2.7 கிலோ எடையும் குறைவாக இருந்தார்கள். அதனால்தான் டாக்டர் 3 மாதத்துக்கு ஒருமுறை எடையும், 6 மாதத்துக்கு ஒருமுறை உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தமும் பார்க்கிறார். எடை இறங்கினால் அளவை மாற்றுவதா, வேறு மருந்துக்குப் போவதா என்று அவர் சொல்வார். நாமாக நிறுத்திவிடக் கூடாது.

டப்பா காலியாகும்வரை அவனைத் தனியே உட்கார வைக்காதீர்கள் மிஸ். முடிந்ததைச் சாப்பிடட்டும். கடைசி இடைவேளையில் வாழைப்பழமோ கடலை மிட்டாயோ சாப்பிட விடுங்கள். மாத்திரை பற்றி மற்ற பிள்ளைகள் முன்னால் மட்டும் பேச வேண்டாம், ப்ளீஸ்.

நெஞ்சு வலி என்றாலோ மயங்கி விழுந்தாலோ காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டு என்னைக் கூப்பிடுங்கள். தலைவலி, வயிற்று வலி, ஓயாமல் கண் சிமிட்டுவது, சிரிப்பே இல்லாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்திருப்பது, இதில் எதைக் கவனித்தாலும் நேரத்தோடு டைரியில் எழுதுங்கள். அடுத்த முறை அந்தப் பக்கத்தை அப்படியே டாக்டரிடம் காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வகுப்புப் பையன் ஒருவனின் அம்மா