கேட்டில் சொன்னதைக் கேட்டிலேயே திரும்பப் பெறுங்கள்

மாநிலச் செயற்குழுத் தோழர்களுக்கு,

வணக்கம். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 19 வருடமாக வேலை பார்க்கிறேன். 17 வருடமாக நம் சங்கத்தில் உறுப்பினர், கிளைக் கமிட்டியில் இரண்டு முறை இருந்திருக்கிறேன். கம்பெனி கேட் முன்னால் நம் சங்க மேடையில் திருநங்கையரை இழிவுபடுத்தும் ஒரு சொல் பேசப்பட்டதைப் பற்றி முதலில் கிளையில் எழுதிக் கொடுத்தேன், அப்புறம் மாவட்டக் குழுவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். கம்பெனி பெயர், சங்கத்தின் பெயர், பேசியவர் பெயர் எதையும் இங்கே எழுதப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

போன மாதம் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் மீட்டிங் நடந்தது. ஊதிய ஒப்பந்தம் முடிந்து ஏழு மாதமாகிறது, நிர்வாகம் பேச்சுவார்த்தைக்கு வராமல் இழுத்துக்கொண்டிருக்கிறது. எல்லோருக்கும் வயிறு எரிந்துகொண்டிருந்த நேரம். சிறப்புரைக்கு வந்த தலைவர் நிர்வாகத்தை விளாசிக்கொண்டே வந்து, "நேருக்கு நேர் உட்கார்ந்து பேசத் துப்பில்லாத அலிப் பசங்க" என்றார். கூட்டம் சிரித்தது, கை தட்டியது.

அந்தச் சொல்லை அப்படியே எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் "ஏதோ ஒரு வார்த்தை வாய் தவறி வந்துவிட்டது" என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, என்ன சொல்லப்பட்டது என்பதே மறைந்துகொண்டு வருகிறது. அதனால் ஒரு தடவை எழுதிவிட்டேன்.

மேடைக்குப் பத்தடி தள்ளி, சங்க பேனரின் இடதுபக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர் எங்கள் லைனில் வேலை செய்யும் திருநங்கைத் தோழர். அவருக்கு நேர் பின்னால் நான் நின்றேன். சிரிப்பு எழுந்தபோது அவர் பேனரை விடவில்லை. ஒரு கையில் பிடித்திருந்த கம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். முகம் மட்டும் ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டது. கூட்டம் முடிந்ததும் எப்போதும் போல பேனரைச் சுருட்டிக் கயிறு கட்டிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிப் போனார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் சந்தா ரசீதுப் புத்தகத்தை நீட்டினார். எங்கள் லைனில் சந்தா வசூலிப்பவர் அவர்தான். அடிக்கட்டைகளை வரிசையாகச் சரிபார்த்து, பணத்துக்கு ரப்பர் பேண்டு போட்டு, சில்லறையைத் தனியாகக் கவரில் வைத்து, கவர் மேல் தொகையை எழுதியிருந்தார். "அக்கா, இனிமே வேற யாராச்சும் பாத்துக்கட்டும்." அவ்வளவுதான் சொன்னார். அழவில்லை, சண்டை போடவில்லை.

தோழர்களே, அவர் இந்த கம்பெனிக்குள் வந்து நாலு வருடம் ஆகிறது. முதல் வருடம் எப்படி இருந்தது என்று செயற்குழுவில் யாராவது கேட்டிருக்கிறீர்களா? சூப்பர்வைசர் அவர் காதுபடவே "அது வந்துருச்சா?" என்று கேட்பார். கேன்டீனில் டோக்கன் வாங்குபவர், "அதுக்கு ஒரு சாப்பாடு" என்பார். பெண்கள் கழிப்பறைக்கு வரக் கூடாது என்று ஒருத்தி சொன்னாள், ஆண்கள் பக்கம் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். காலையில் வீட்டில் குடித்த தண்ணீரோடு சாயங்காலம் வரை இருந்திருக்கிறார். அடையாள அட்டையில் பழைய பெயர்தான் 11 மாதம் இருந்தது. நாங்கள் லைனில் உள்ள பெண்கள் ஒவ்வொருத்தரிடமும் உட்கார்ந்து பேசி, கழிப்பறை விஷயத்தைச் சரி செய்தோம். அந்த "அது"வை "அவங்க" ஆக்க ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

இந்த "அது" பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது. பள்ளிக்கூடத்தில் உயர்திணை, அஃறிணை படித்தவர்கள்தானே நாம் எல்லோரும். பெண்மையை வேண்டி ஆண்மை திரிந்தவர்களுக்குத் தனி விகுதி கிடையாது என்று சொல்லும் தொல்காப்பியம், அதே நூற்பாவில் அவர்களை உயர்திணையில்தான் வைக்கிறது. இலக்கணத்தில் அவ்வளவு பழைய காலத்திலேயே கிடைத்த இடம், நம் கேட் முன்னால் மைக்கில் பறிபோகிறது. 2008-இல் திருநங்கையருக்கு நல வாரியம் அமைத்தது இந்த மாநிலம். "திருநங்கை" என்ற மரியாதையான சொல் அரசு ஆவணத்திலும் பத்திரிகையிலும் ஏறி எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. மேடைப் பேச்சுக்கு மட்டும் ஏன் இன்னும் வந்து சேரவில்லை?

"அவரையா சொன்னார்? நிர்வாகத்தைத்தானே சொன்னார்" என்று கிளைச் செயலாளர் கேட்டார். நிர்வாகத்தைத்தான் சொன்னார், சரி. ஆனால் அவர்களை எதைச் சொல்லிக் கேவலப்படுத்தினார்? எங்கள் தோழரைச் சொல்லித்தானே? ஒருவரைத் திட்டுவதற்கு இன்னொருவரின் பிறப்பை எடுத்துக்கொண்டால், அடி யார் மேல் விழுகிறது? எம்.டி. அன்றைக்கு ஊரிலேயே இல்லை.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. பல வருடம் முன்னால் ஒரு போராட்டத்தில், பேச்சு மாறிய மேலாளருக்குக் கொடுப்பதற்காகத் தட்டில் வளையலும் புடவையும் வைத்து ஊர்வலமாகப் போனோம். தட்டைத் தூக்கியவள் நான். என் கையில் கிடந்த வளையலையே அவமானத்தின் அடையாளமாகத் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. இன்றைக்கு அந்தத் தட்டை நான் தூக்க மாட்டேன். இதையெல்லாம் மனிதர்கள் கற்றுக்கொள்ள முடியும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

"இதெல்லாம் அடையாள அரசியல், என்.ஜி.ஓ. பேச்சு, வர்க்க ஒற்றுமையைப் பிளந்துவிடும்" என்று கமிட்டியில் ஒரு தோழர் சொன்னார். இந்த ஒரு வாதத்துக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் அவர் அதை நம்பிச் சொல்கிறார். பிளந்த கதை நம் ஊரிலேயே இருக்கிறது, தோழர். 1918-இல் பெரம்பூர் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத்தான் நாம் மேடைக்கு மேடை பெருமையாகச் சொல்கிறோம். மூன்று வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் தனியாக நின்றார்கள், வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கும் மற்ற தொழிலாளர்களுக்கும் மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. போராட்டமும் தோற்றது. சேரியைப் பற்றி யாரோ அதிகம் பேசியதால் அந்த ஒற்றுமை உடையவில்லை. மில்லுக்கு வெளியே தொடக் கூடாதவர்களாக வைத்திருந்தவர்களை, மில்லுக்குள் மட்டும் "நம்ம ஆள்" என்று எண்ணிக்கொண்டதால் உடைந்தது. வெள்ளைக்கார நிர்வாகம் அந்த விரிசலை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டது.

நம் நிர்வாகமும் அதைத்தான் செய்யப் பார்த்தது. கேட் மீட்டிங் முடிந்த இரண்டாம் நாள் எச்.ஆர். அறைக்கு அவரைக் கூப்பிட்டார்கள். ஜூன் மாதமானால் திருநங்கையர் போன்றோருக்கு ஆதரவு என்று அந்த அறைக் கதவில் வானவில் போஸ்டர் ஒட்டுவார்கள், 11 மாதம் ஓர் அட்டையில் பெயர் மாற்றாமல் இருந்ததும் அதே அறைதான். தலைவர் மேல் எழுத்தில் புகார் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று காகிதமும் பேனாவும் நீட்டியிருக்கிறார்கள். ஒப்பந்தம் இழுபறியில் இருக்கும் நேரத்தில் அந்தக் காகிதம் அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆயுதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "எங்க சங்கத்துல பேசிக்கிறோம் சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார்.

ரசீதுப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்ததற்கு மறுநாள் இது நடந்தது. ஒற்றுமையை யார் காப்பாற்றினார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

கிளையில் இருக்கும் இளைய தோழர்களோடும் எனக்கு வருத்தம் உண்டு. கோபப்பட்டார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வாட்ஸ்அப் குழுவில் தலைவரைப் பற்றி "எட்டாவது படிச்ச பெருசுக்கு இதெல்லாம் எங்க புரியப் போகுது" என்று எழுதியது எந்த ஊர் நியாயம்? நான் பிரசவ விடுப்பு முடிந்து வந்தபோது என்னை வேறு பிரிவுக்குத் தூக்கி அடித்தார்கள். அந்தப் பெருசுதான் மேலாளர் அறையில் மூன்று மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்து என் இடத்தைத் திரும்ப வாங்கிக் கொடுத்தார். அவரை நீக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அவருக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

நான் கேட்பது இதுதான். கேட்டில் மைக்கில் சொன்னதைக் கேட்டில் மைக்கிலேயே, அவர் வாயாலேயே திரும்பப் பெற வேண்டும். ஆபீசுக்குள் கூப்பிட்டு "மனசுல வச்சுக்காதம்மா" என்று சொல்வது போதாது. சிரித்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்க வேண்டும், நானும் இருக்க வேண்டும். சிரிக்காமல் நின்றேனே தவிர, நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் சங்க விதிகளில் இதற்கு ஒரு வரி சேர்க்க வேண்டும். 2022-இல் காவலர்களின் நடத்தை விதிகளிலேயே, திருநர், தன்பால் ஈர்ப்புள்ளவர் உள்ளிட்ட பால்புதுமையினரைத் துன்புறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு அரசு சேர்த்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் நடந்த வழக்கின் தொடர்ச்சியாக வந்த மாற்றம் அது. போலீசுக்கு இருக்கும் விதி நமக்கு இல்லை. 2019 திருநர் பாதுகாப்புச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது, 11-ஆம் பிரிவு குறைகேட்கும் அலுவலர் ஒருவரை நியமிக்கச் சொல்கிறது. கம்பெனிக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள், அந்தச் சட்டம் "நிறுவனம்" என்று சொல்வதில் சங்கமும் அடங்கும். ஊதியக் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆதாரில் பெயர் மாறியவருக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவுகளில் பெயர் மாற்றித் தரும் பொறுப்பு கம்பெனியுடையது என்று ஒரு ஷரத்து போடுங்கள். வாடகை வீட்டுக்கு கம்பெனி கடிதம் கொடுக்க வேண்டும் என்று இன்னொன்று. 2017-இல் கொச்சி மெட்ரோ திருநங்கையருக்கு வேலை கொடுத்தது நாடு முழுக்கச் செய்தியானது. தங்க வீடு கிடைக்காமல் அவர்களில் சிலர் கொஞ்ச நாளில் வேலையை விட்டார்கள். எங்கள் தோழரும் இந்த நாலு வருடத்தில் ஐந்து வீடு மாறிவிட்டார்.

ரசீதுப் புத்தகம் என் லாக்கரில் இருக்கிறது. வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. இந்த மாதச் சந்தாவும் எங்கள் லைனில் இன்னும் வசூலாகவில்லை. அடுத்த கேட் மீட்டிங் தேதியைச் சொல்லுங்கள், எடுத்து வருகிறேன்.

தோழமையுடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி
அம்பத்தூர்