வெற்றிடமாக வந்த தலையங்கம்

ஐயா,

அவசரநிலைக் காலம் குறித்த தங்கள் தலையங்கம் அன்றைய கைதுகளைச் சொல்வதோடு நின்றுவிட்டது குறையே. 1975 ஜூன் 25 இரவில் அவசரநிலை என்ற எதேச்சதிகாரம், அவசரநிலையை அறிவிக்க வழிசெய்யும் அரசியலமைப்பின் 352ஆவது பிரிவையும் குடியரசுத் தலைவரின் கையொப்பத்தையும் துணைக்கொண்டே வந்தது என்பதால், சட்டத்தின் உடையில் வரும்போதும் அதை அடையாளம் காணும் பழக்கம் நமக்கு வேண்டும். அப்போதைய பத்திரிகைத் தணிக்கையைக் கண்டித்துத் தலையங்கப் பகுதியை வெறுமையாக வெளியிட்ட ஏடுகள், ஒரு கல்லும் எறியாமல் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டன. அன்று பள்ளி மாணவனாக இருந்த என்னிடம், அச்சுக்கோப்பாளரான என் தந்தை அத்தகைய வெற்றிடம் ஒன்றைக் காட்டி, "இதையும் படி" என்றார்.

நாட்டில் வெளியாகும் நூல்களையும் இதழ்களையும் பெற்றுப் பாதுகாக்கும் தேசிய வைப்பு நூலகங்களுள் ஒன்றான சென்னை கன்னிமரா நூலகம், அக்கால இதழ்களை ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் மாணவர் பார்வைக்கு வைக்கலாம். தணிக்கையில் அடிபட்ட மெய்ப்புகள் (அச்சுக்கு முன் சரிபார்க்க எடுக்கும் படிகள்) பழைய அச்சகத்தார் எவரிடமேனும் இருந்தால் அவற்றையும் கேட்டுப் பெறலாம்.

– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்