கொழும்பின் ஸ்விங் நடன மாலைகளுக்கு இசை தெரிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

கொழும்பில் ஸ்விங் என்ற ஜாஸ் வகைக்குச் சோடியாக ஆடும் நடனத்துக்கென்று கூடும் மாலைகளில் மடிக்கணினியின் முன்னால் அமர்ந்து பாடல்களைத் தெரிவு செய்யும் உங்கள் அனைவருக்கும், அந்தப் பாடல்களுக்கு ஆடுகின்றவர்களில் ஒருத்தியாக இந்த மடலை எழுதுகிறேன். தாமும் இறங்கி ஆடலாமே என்ற ஆசையை அடக்கிக்கொண்டு மற்றவர்களுக்காக இசை போடுவது நன்றிக்குரிய வேலை. ஆயினும், அண்மைக் காலமாக நீங்கள் ஒலிக்கவிடும் பாடல்களில் கணிசமானவை, கேட்பதற்கு நல்ல ஜாஸாக இருந்தும் ஆடுவதற்குப் பொருந்தாதவையாக இருக்கின்றன. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நீங்கள் சிரிக்கக்கூடும். ஆனால் நன்றாக ஆடக்கூடியவர்களே சுவரோரம் போய் நின்று கதைக்கத் தொடங்கும்போது, கூடத்தையும் ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை.

நாம் ஆடும் ஸ்விங் நடனங்களில் ஒன்றான லிண்டி ஹொப் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியில், 1920களின் இறுதியில், கறுப்பின மக்களிடையே பிறந்தது. அதன் தாய்வீடு 1926ஆம் ஆண்டு திறக்கப்பட்ட சவோய் நடன மண்டபம் (நம்முடைய வெள்ளவத்தை சவோய் திரையரங்கு அல்ல). அங்கே சிக் வெப் என்ற மேளக் கலைஞரின் குழு வாசித்தது. 1937ஆம் ஆண்டு மே மாதம், நாடெங்கும் புகழ் பெற்றிருந்த பெனி குட்மனின் குழு அதே மண்டபத்தில் வெப் குழுவோடு போட்டிக்கு இறங்கித் தோற்றது. தீர்ப்புச் சொன்னவர்கள் தரையில் நின்ற மக்களே. அக்காலத்தில் ஆட்டக்காரர்களைப் பார்த்துக் குழு வாசித்தது, குழுவைக் கேட்டு ஆட்டக்காரர்கள் அடி வைத்தார்கள். அந்தக் கொடுக்கல் வாங்கல்தான் அந்த இசைக்குள் பதிவாகியிருக்கிறது.

பின்னர் ஜாஸ் வேறு வழியில் சென்றது. 1944ஆம் ஆண்டு, நடனமாட இடம்கொடுக்கும் உணவகங்களுக்கும் கேளிக்கை விடுதிகளுக்கும் அமெரிக்க அரசு 30 சதவீத வரி விதித்தது. ஆடாமல் உட்கார்ந்து கேட்கும் சிறு அரங்குகளுக்கு அந்தச் சுமை இருக்கவில்லை. அதே காலத்தில் வளர்ந்த பீபொப் என்ற ஜாஸ் பாணியில், தாளத்தைத் தாங்கும் பொறுப்பு பெரும்பாலும் சிம்பல் என்ற உலோகத் தட்டுக்குப் போய்விட்டது. பெரிய மேளம் எதிர்பாராத இடங்களில் வெடிப்பதற்கு உரியதாயிற்று. அது மகத்தான இசைதான், நானும் வீட்டில் கேட்கிறேன். ஆனால் சோடியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடும்போது, அடுத்த அடி எங்கே விழும் என்று பாதம் அறிய முடியாத இசையாகவும் அது இருக்கிறது. ஜாஸ் என்ற ஒரே பெயரின்கீழ் கிடைப்பதையெல்லாம் ஒரே பட்டியலில் சேர்த்துவிடுவதுதான் நம் மாலைகளின் முதற் சிக்கல்.

ஒரு பாடலை ஆட்டத்துக்குத் தெரிவு செய்யும்போது, பாடகரின் குரலையும் ஊதுகருவிகளையும் சற்று நேரம் ஒதுக்கிவைத்துவிட்டு, அடியில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கவுன்ட் பேஸி குழுவின் 1930களின் இறுதிக்காலப் பதிவுகள் இதற்கு மிகச் சிறந்த பாடம். வோல்டர் பேஜின் பேஸ் (தாழ்சுரத் தந்திக் கருவி) நான்கு அடிகளையும் நடந்து கொடுக்கிறது. ஃபிரெடி கிரீனின் கிற்றார் ஒவ்வோர் அடியையும் ஒரே சீராகத் தொட்டுச் செல்கிறது. ஜோ ஜோன்ஸ் மேளத்தில் இடிக்காமல் காலால் திறந்து மூடும் சோடிச் சிம்பலான ஹை-ஹற்றில் மிதக்கிறார். பேஸியோ பியானோவில் இரண்டு மூன்று சுரங்களைத் தெளித்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்கிறார். அந்த இடைவெளிகளில்தான் ஆட்டக்காரர் தன் சொந்தக் கற்பனையைப் போட முடிகிறது. இதற்கு மாறாக, பழைய ஊதுகருவித் துணுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சுழலவிட்டு அதன்கீழ் கணினி மேளத்தை அடிக்கும் எலெக்ட்ரோ ஸ்விங், எல்லா அடியையும் தானே நிரப்பிவிடுகிறது. இளையவர்களைக் கவரும் என்று நீங்கள் நம்புவது எனக்குப் புரிகிறது. அவர்கள் வருகிறார்கள்தான், ஆனால் அந்தத் தாளத்துக்குத் துள்ளக் கற்றுக்கொள்கிறார்களேயன்றி ஸ்விங் கற்றுக்கொள்வதில்லை.

காலப்பிரமாணம் பற்றியும் சொல்ல வேண்டும். சவோய் மண்டபத்துத் தேர்ந்த ஆட்டக்காரர்கள் நிமிடத்துக்கு 200 தாள அடிகளைத் தாண்டிய வேகத்திலும் சளைக்காமல் ஆடினார்கள். நம் மண்டபத்தில் பாதிப் பேர் புதியவர்கள். அவர்களுக்கு 120 முதல் 140 வரையும், பழகியவர்களுக்கு 180 வரையும் பொதுவாகப் போதும். அதற்கு மேற்பட்டவற்றை ஆங்காங்கே ஒன்றாகத் தூவலாம், அடுக்கடுக்காக வேண்டாம். வேகத்தைக் கணக்கிடும் செயலிகளை அப்படியே நம்பிவிடாதீர்கள். 180 என்பதை 90 என்று அவை காட்டுவது வழக்கம். பதினைந்து விநாடிகளுக்கு நீங்களே கைதட்டி எண்ணி நான்கால் பெருக்கினால் தெரிந்துவிடும். நீளமும் அவ்வாறே. அக்காலத்துப் பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கின. முன்பின் தெரியாத ஒருவரோடு ஆடுவதற்கும் அதுவே அளவான நேரம். ஒன்பது நிமிட மேடைப் பதிவைப் போட்டுவிட்டு நீங்கள் தேநீர் குடிக்கப் போய்விட்டால், கன்னம் சிவக்கப் பாதியில் விலகவும் முடியாமல் தொடரவும் முடியாமல் ஒரு சோடி தவிப்பதை நீங்கள் காண்பதில்லை.

புளூஸ் விடயத்தில்தான் என் மனக்குறை அதிகம். மாலையின் கடைசி அரை மணி நேரத்தில் எல்லோரும் களைத்த பிறகு, விளக்குகளை ஏறக்குறைய முழுவதும் அணைத்துவிட்டு, மெதுவான எதையாவது ஒலிக்கவிட்டு அதைப் புளூஸ் என்கிறோம். இருட்டினால் முதலில் வெளியேறுவது பெண்கள்தான். கடைசி பஸ் அதற்கு ஒரு சாட்டு மட்டுமே. புளூஸ் தனக்கென்று வடிவமும் உழைப்பும் கொண்ட இசை. அதன் வழமையான பன்னிரண்டு பார் (நான்கு அடிகள் கொண்ட தாளக் கட்டு) சுற்றில் 48 அடிகள்; பாடகர் ஒரு வரியைச் சொல்கிறார், அதையே மீண்டும் சொல்கிறார், மூன்றாவது வரியில் பதிலைத் தருகிறார்; ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு கருவி மறுமொழி சொல்கிறது. ஆட்டக்காரரும் அவ்வாறே முதல் வரிக்கு ஓர் அசைவைச் செய்து, இரண்டாம் வரிக்கு அதைச் சற்றே மாற்றி, மூன்றாம் வரியில் அவிழ்க்கிறார். இதைக் கேட்க வெளிச்சமும் கவனமும் வேண்டும். பாடகர்களான ஜிமி ரஷிங், டைனா வொஷிங்டன், மிசிசிப்பியிலிருந்து 1943ஆம் ஆண்டு சிக்காகோவுக்குப் போய் மின்கிற்றாரை எடுத்த மடி வோட்டர்ஸ் ஆகியோரின் புளூஸ் ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. ஒரே வேகத்தில் ஆறு பாடல்களைத் தொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை. லூயி ஜோர்டனின் 1940களின் துள்ளலான புளூஸைப் போட்டால் லிண்டி ஹொப்பும் ஆடலாம். வரிகளையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இரட்டை அர்த்தம் ஒருபுறம், மனைவியை அடிப்பதைப் பாடும் வரிகள் மறுபுறம் என்று அந்த இசையில் எல்லாம் உண்டு. எதைப் போடுவது என்பது உங்கள் பொறுப்பு.

ஒலி பற்றிச் சுருக்கமாக: 1925ஆம் ஆண்டில் மின்வழிப் பதிவு வருமுன் செய்யப்பட்ட தட்டுகளை, உதாரணமாக புளூஸ் பாடகி பெஸி ஸ்மித்தின் முதற் பதிவுகளை, மண்டபத்தில் போடாதீர்கள், மின்விசிறிச் சத்தத்துக்குள் அவை கரைந்துவிடும். பழைய பதிவுக்கும் புதிய பதிவுக்கும் இடையில் ஒலியளவைக் கையால் சரிசெய்யுங்கள். ஒரு பாடலின் வாலை அடுத்ததன் தலையில் ஒட்ட வேண்டாம், சோடி மாற நாலைந்து விநாடி மௌனம் வேண்டும்.

பைலா கேட்போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொழும்பில் எந்தக் கொண்டாட்டமும் அதிலேதான் போய் முடிகிறது, எனக்கும் அதில் மகிழ்ச்சியே. ஆனால் அதன் ஆறெட்டுத் (6/8) தாளம் ஸ்விங் அடிகளோடு ஒட்டாது. ஆகவே நடுவில் செருகாமல், நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்த பின்னர் தாராளமாகப் போடுங்கள்.

இந்த இசைக்கு நம் ஊர் அந்நியமும் அல்ல. டேவ் புரூபெக் 1958ஆம் ஆண்டிலும், டியூக் எலிங்டன் தன் முழுக் குழுவோடு 1963ஆம் ஆண்டிலும் இலங்கைக்கு வந்து வாசித்துச் சென்றிருக்கிறார்கள். முடிவாக மூன்று வேண்டுகோள்கள். முதலாவதாக, ஒலிக்கும் குழுவின் பெயரையும் பதிவான ஆண்டையும் சிறு பலகையில் எழுதி மேசைமீது வையுங்கள் என்று கேட்கிறேன். இரண்டாவதாக, ஒவ்வொரு மாலையிலும் புளூஸுக்கென்று ஒரு மணி நேரத்தை, களைப்பு வருமுன், விளக்குகள் எரிய, ஒதுக்குங்கள். மூன்றாவதாக, இசை போடுபவர் பாடலுக்குப் பாடல் திரையிலிருந்து தலையை நிமிர்த்தித் தரையையும், முக்கியமாகச் சுவரோரத்தையும் பார்க்கட்டும். முன்கூட்டியே அடுக்கிய பட்டியலை இடையில் கலைக்க அவருக்கு உரிமை இருக்கட்டும். அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன்னர் இவற்றைப் பற்றிப் பேச நீங்கள் ஒரு நாள் குறித்தால், பாடல்களை ஒன்றாக அமர்ந்து கேட்டு எண்ணிப் பார்க்க எங்களில் சிலர் வரத் தயாராக இருக்கிறோம்.

இவ்வண்ணம்,
உங்கள் மண்டபத்தில் ஆடும் ஒருத்தி,
வெள்ளவத்தை, கொழும்பு 06